கையால் சுற்றும் தகடு மெஷின்: ஓரம் ஏன் தட்டையாக நிற்கிறது, நடு ஏன் மடங்க மறுக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டுவது, மடிப்பது, உருட்டுவது மூன்றும் ஒரே சட்டத்தில் இருக்கும் 760 மி.மீ. அகலக் கைமெஷின் வாங்கியிருக்கிறீர்கள். மெஷினில் '1 மி.மீ.' என்று பொறித்திருக்கிறது. 20 கேஜ் (கேஜ் என்பது தடிமனைக் குறிக்கும் எண்) தகட்டில் 150 மி.மீ. உள்விட்டத்துக்குக் குழாய் உருட்டினால் இரண்டு ஓரமும் வளையாமல் தட்டையாக நிற்கின்றன. மூடும் இடம் வட்டமாக வராமல் கூம்பிப்போகிறது. சில குழாய்களில் இடது முனையில் இணைப்பு ஒட்டி நிற்க, வலது முனையில் 4 மி.மீ. இடைவெளி விழுகிறது. 18 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டை முழு அகலத்துக்கு மடித்தால் இரு முனையிலும் 90 டிகிரி வருகிறது, நடுவில் 94 தான். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று முடித்திருக்கிறீர்கள். இதில் எது மெஷினின் குறை, எது எந்த மெஷினிலும் வரக்கூடியது, எது நாமே சரிசெய்யக்கூடியது என்பதுதான் உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

சுருக்கமான பதில்: ஓரம் தட்டையாக நிற்பது மூன்று உருளை மெஷினின் இயல்பு. ஒரு முனையில் மட்டும் இடைவெளி விழுவது பெரும்பாலும் செட்டிங் பிரச்சினை. நடு மடங்காமல் நிற்பது, அளவுக்கு மீறிய தகட்டைக் கொடுத்ததால். இந்த மூன்றை மட்டும் வைத்து மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மெஷினை நான் கண்ணால் பார்க்கவில்லை, படமும் இல்லை. அதனால் திருப்பிக் கொடுக்கத்தக்க குறை இருக்கிறதா என்று நீங்களே சோதிக்கும் வழியைக் கடைசியில் எழுதுகிறேன்.

நடு மடங்காததிலிருந்து தொடங்குகிறேன். கேஜ் எண்ணைப் பார்த்து '18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1 மி.மீ. தானே' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பிசகு. பிரிட்டிஷ் கேஜ் கணக்கில் 18 கேஜ் 1.22 மி.மீ., 20 கேஜ் 0.91 மி.மீ. 1 மி.மீ.க்கு நெருக்கமாக வருவது 19 கேஜ். அமெரிக்கக் கணக்கும் 18, 20 கேஜில் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். 16 கேஜில் வித்தியாசம் தெரியும், அமெரிக்கக் கணக்கில் 1.52, பிரிட்டிஷ் கணக்கில் 1.63. ஆகவே கேஜ் எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்து, மி.மீ.யில் பேசிப் பழகுங்கள்.

0.22 மி.மீ. கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். மடிக்கத் தேவையான திருப்புவிசை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.22ஐ 1.22ஆல் பெருக்கினால் 1.49. அதாவது மெஷின் தாங்கும் என்று பொறித்திருப்பதைவிடப் பாதி அளவு அதிகச் சுமையைக் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் முழு அகலத்துக்கு. பொறித்திருக்கும் 1 மி.மீ. என்பது சாதாரண மென் எஃகுக்கு. இரும்பானாலும் கடினமான ரகம் என்றால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டுக்கு நான் பொறித்த அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போக மாட்டேன்.

சுமை கூடும்போது என்ன நடக்கிறது என்றால், மேலே இருக்கும் மடிப்பு விட்டத்தை (உத்தரம் போன்ற குறுக்குக் கட்டையை) இரு முனைகளில் மட்டும்தான் சட்டம் பிடித்திருக்கிறது. நடுவில் அது மேல்நோக்கி வளைந்துகொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் அதுவே போதும். உங்கள் டையில் (தகட்டை வைத்து அழுத்தி மடிக்கும் கட்டையில்) இருக்கும் வி பள்ளத்தின் வாய் 8 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். 90 டிகிரி வர வேண்டுமானால், மேலே இருக்கும் டை சுமார் 4 மி.மீ. இறங்க வேண்டும். நடுவில் அது 3.9 மட்டும் இறங்கினால் கோணம் ஏறக்குறைய 91.4 ஆகிவிடும். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. ஆக, ஒரு தாளின் தடிமன் ஒன்றரை டிகிரிக்குச் சமம். உங்களுக்கு வரும் 4 டிகிரி வித்தியாசம் மூன்று தாள் தடிமனுக்கு விட்டம் வளைவதால் வருகிறது. 760 மி.மீ. நீள விட்டம் 0.3 மி.மீ. வளைவதை வார்ப்புக் குறை என்று சொல்ல முடியாது.

மாற்று வழியும் அதே தாளில்தான் இருக்கிறது. கீழ் டைக்கு அடியில், நடுவில் ஒரு 150 மி.மீ. நீளத்துக்கு இரண்டு தாள் தடிமன் ஷிம் (உயரத்தைச் சரிசெய்ய அடியில் வைக்கும் மெல்லிய தகடு), அதன் இருபுறமும் இன்னொரு 100 மி.மீ.க்கு ஒரு தாள் தடிமன் என்று படிப்படியாகக் குறைத்து வையுங்கள். தாள் நசுங்கிவிடும், சோதித்துப் பார்க்கத் தாள், நிரந்தரத்துக்குப் பித்தளை ஷிம். ஆனால் இந்த ஷிம் ஒரு தடிமனுக்கும் ஒரு நீளத்துக்கும் மட்டுமே சரி. 300 மி.மீ. துண்டை மடிக்கும்போது அதே ஷிம் நடுவை அதிகம் மடித்துவிடும். அதனால் எனக்கு இதைவிடப் பிடித்த வழி, 18 கேஜை இந்த மெஷினில் பாதி அகலத்துக்கு மேல் மடிக்காமல் இருப்பது. அகலம் பாதியானால் மொத்த விசையும் பாதி. ஹேண்டிலைச் சுற்றும் கைக்கே அது தெரியும்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் 1000 மி.மீ. மெஷின் வாங்கியிருக்கலாமே' என்று நினைக்காதீர்கள். அதே குறுக்களவு உள்ள விட்டத்தை 760லிருந்து 1000க்கு நீட்டி, முழு நீளத்துக்கும் தகடு கொடுத்தால் நடு வளைவு ஏறக்குறைய மூன்று மடங்காகும். வளைவு நீளத்தின் நான்காம் அடுக்குக்கு (நீளம் × நீளம் × நீளம் × நீளம்) ஏற்ப ஏறுகிறது. நீளமான மெஷின் வாங்குபவர்கள் அகலத்தைப் பார்க்கிறார்கள், விட்டத்தின் கனத்தைப் பார்ப்பதில்லை.

இனி உருட்டல். முன்னால் இரண்டு உருளைகள் தகட்டைக் கவ்வி இழுக்கின்றன. பின்னால் மூன்றாவது உருளை தகட்டை மேலே தள்ளி வளைக்கிறது. வளைவு உண்டாகும் இடம் கவ்வும் கோடு. முதலில் நுழைந்த ஓரம் கவ்வும் கோட்டைத் தாண்டிப் போய்ப் பின் உருளையைத் தொடும்வரை அதை வளைக்க எதுவும் இல்லை. தொட்ட பிறகு கவ்வும் கோட்டில் இருக்கும் பகுதிதான் வளையும். ஓரம் ஏற்கெனவே அங்கிருந்து போய்விட்டது. உங்கள் துண்டில் தட்டையாக நிற்கும் பகுதியை அளந்து, கவ்வும் கோட்டுக்கும் தகடு பின் உருளையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் நெருக்கமாக வரும். கடைசியாக வெளியேறும் ஓரத்தில் தட்டை மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு ஓரமும் சமமாகத் தட்டை என்றால், தகடு முழுவதும் வெளியேறும்வரை சுற்றாமல் பாதியிலேயே பின்னுக்குத் திருப்புகிறீர்கள், அல்லது கவ்வல் தளர்வாக இருக்கிறது.

வெளியேறும் ஓரம் நன்றாக வளைகிறது என்பதையே பயன்படுத்திக்கொள்ளலாம். உருளைகளைத் தளர்த்தி, தகட்டை உள்ளே விட்டு, முன்பக்கம் 60 மி.மீ. மட்டும் மிச்சம் இருக்கும்படி நிறுத்துங்கள். கவ்வலை இறுக்குங்கள், பின் உருளையை உயர்த்துங்கள், அந்த 60 மி.மீ. முழுவதும் கவ்வலைவிட்டு வெளியே வரும்வரை சுற்றுங்கள். இப்போது ஒரு ஓரம் விளிம்புவரை வளைந்திருக்கும். தகட்டை முன்பின்னாகத் திருப்பி, வளைந்த ஓரம் முதலில் போகும்படி, வளைவு மேல்நோக்கி இருக்கும்படி நுழைத்து முழுக்க உருட்டுங்கள். முதல் ஓரம் முன்பே வளைந்தது, கடைசி ஓரம் வெளியேறும்போது வளையும். இது கைக்கு வர நான்கைந்து துண்டுகள் வீணாகும். வீண் தகட்டில் பழகுங்கள்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. இறுதி விட்டத்தைவிடச் சிறிய குழாயின் மேல் ஓரத்தை வைத்து மரச்சுத்தியால் தட்டி முன்கூட்டியே வளைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு துண்டுக்கு இதுவே வேகம். அல்லது இருபுறமும் கூடுதலாக 40 மி.மீ. விட்டு, உருட்டியபின் தட்டைப் பகுதியை வெட்டி எறியலாம். வளைந்த தகட்டை மெஷின் கத்தியில் நேராக வெட்ட முடியாது, கைக்கத்தரியால்தான் வெட்ட வேண்டும் என்பதால் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

பலர் கவனிக்காத விஷயம், உருட்டும்போது தகடு எவ்வளவு பின்வாங்கும் என்பது. மடிப்பில் ஸ்பிரிங்-பேக் ஓரிரு டிகிரிதான். ஆனால் வளைவு பெரிதாக, தகடு மெல்லியதாக இருக்கும்போது பின்வாங்கல் மிக அதிகம். 0.9 மி.மீ. மென் எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் தாங்குதிறன் (yield) 250 மெகாபாஸ்கல் என்று வைத்துக் கணக்குப் போட்டால், விட்ட பிறகு 150 மி.மீ. நிற்க வேண்டுமானால் உருளைக்குள் அது சுமார் 115 மி.மீ. விட்டத்துக்கு வளைந்திருக்க வேண்டும். தடிமன் பாதியானால், அதாவது 0.45 மி.மீ. தகட்டுக்கு, 93 மி.மீ. வரை வளைக்க வேண்டும். தகடு மெலிந்தால் வேலை சுலபம் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். சுற்றுவது சுலபம், விட்டத்தில் நிறுத்துவது கடினம். கோட்பாடு சொல்லும் 115 என்ற எண்ணை அப்படியே மெஷினில் வைத்து வேலை செய்யாதீர்கள், ஒவ்வொரு சுருள் தகட்டிலும் தாங்குதிறன் மாறும். திசையும் ஏறக்குறைய அளவும் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு.

அதனால் ஒரே சுற்றில் விட்டத்தை எட்டப் பார்க்காதீர்கள். அட்டையில் 75 மி.மீ. ஆரத்துக்கு ஒரு வில்லை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். வில்லையின் நடு தொடாமல் இரு முனைகள் மட்டும் தொட்டால் வளைவு அதிகமாகிவிட்டது. நடு தொட்டு முனைகள் ஆடினால் இன்னும் வளைக்க வேண்டும். பின் உருளையின் இரு திருகுகளையும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். குறைவாக வளைந்ததை இன்னொரு சுற்று சரிசெய்யும், அதிகம் வளைந்ததைத் திறந்து வட்டமாக்குவது நெடுநேர வேலை.

வெட்டும் நீளத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்விட்டத்தை வைத்துச் சுற்றளவு போட்டால் குறையும், வெளிவிட்டத்தை வைத்தால் கூடும். தகட்டின் நடுத்தடிமனில்தான் நீளம் மாறாமல் இருக்கிறது. 150 உடன் 0.9ஐக் கூட்டி 3.1416ஆல் பெருக்கினால் 474.1 மி.மீ. உள்விட்டத்தில் போட்டிருந்தால் 471.2 தான் வந்திருக்கும். அந்த 3 மி.மீ. இணைப்பில் இடைவெளியாகத் தெரியும். மேல்விழும் இணைப்புக்கோ மடித்துப் பூட்டும் இணைப்புக்கோ தனியாகக் கூட்ட வேண்டும்.

ஒரு முனையில் மட்டும் 4 மி.மீ. இடைவெளி வருவதற்கு முதலில் தகட்டையே சந்தேகியுங்கள். இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளங்கள். சமமாக இல்லையென்றால் வெட்டும்போதே கோணல் வந்துவிட்டது, உருளைமீது பழி போட முடியாது. சமம் என்றால், வலதுபுறம் சுற்றளவு 4 மி.மீ. திறந்திருக்கிறது, அதாவது விட்டம் ஏறக்குறைய 1.3 மி.மீ. பெரிது. அந்தப் பக்கம் பின் உருளை தாழ்ந்திருக்கிறது. வலது திருகைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். இடைவெளி இல்லாமல், ஓரங்கள் ஒன்றையொன்று தாண்டிப் பக்கவாட்டில் விலகி நின்றால் அது வேறு கதை: தகடு நேராக நுழையவில்லை. முன் உருளையில் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் படுகிறதா என்று பார்த்த பிறகே ஹேண்டிலைத் தொடுங்கள்.

கவ்வலைச் சமமாக வைக்க எளிய வழி உண்டு. வேலை செய்யப்போகும் அதே தகட்டில் இரண்டு கீற்று வெட்டி, உருளையின் இடது முனையில் ஒன்று, வலது முனையில் ஒன்று வைத்து இறுக்குங்கள். இரண்டையும் ஒவ்வொரு கையால் இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு அடம்பிடித்தால் கவ்வல் சமம். கையால் இழுத்தால் வராத அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்குவதால் ஹேண்டில் கனப்பதும் தகட்டின் ஓரம் நசுங்கி அலையடிப்பதும்தான் மிச்சம். இணைப்பு இரு முனையிலும் ஒட்டி நடுவில் மட்டும் திறந்தால், மடிப்பில் பார்த்த அதே நடு வளைவு உருளையிலும் நடக்கிறது என்று அர்த்தம். அப்போது தகட்டின் தடிமனைக் குறைப்பதைத் தவிர நல்ல வழி இல்லை.

குழாயை டேக் வெல்டிங் (ஆங்காங்கே புள்ளியாக வைக்கும் பற்று) செய்தபின் மீண்டும் உருளையில் ஓட்டி வட்டமாக்கலாம். மேல் உருளை ஒரு பக்கம் கழன்று வருவது மூடிய குழாயை மாட்டவும் எடுக்கவும்தான். ஆனால் வெல்டிங் மேட்டை அரைத்துச் சமமாக்காமல் உள்ளே விடாதீர்கள். உருளையில் ஒரு பள்ளம் விழுந்தால் அதற்குப் பிறகு உருட்டும் ஒவ்வொரு தகட்டிலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தழும்பு விழும். கம்பியை வளைக்க வேண்டுமானால் உருளை முனையில் இருக்கும் பள்ளங்களில் மட்டும் விடுங்கள். எஸ்.எஸ்., அலுமினியம் போன்றவற்றுக்கு முன் உருளைகளைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். முந்தைய வேலையின் இரும்புத்தூள் அழுந்தி, பிறகு துருப்புள்ளியாகத் தெரியும்.

மடிப்பு அளவுக்குப் புத்தகத்தில் வரும் கே-காரணி (மடிக்கும்போது நீளம் மாறாத கோடு தடிமனில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்) 0.33 முதல் 0.5 வரை எங்கும் இருக்கலாம். உங்கள் டைக்கு எது பொருந்தும் என்று தொலைவிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சோதனைத் துண்டு சொல்லும். சரியாக 100 மி.மீ. நீளத் துண்டை நடுவில் 90 டிகிரி மடித்து, இரு பக்கத்தின் வெளி அளவையும் கூட்டுங்கள். 101.8 வந்தால், அந்தத் தகட்டுக்கும் அந்த டைக்கும் ஒரு மடிப்புக்கு 1.8 மி.மீ. கழிக்க வேண்டும். 50க்கு 30 கோணம் வேண்டுமானால் 80 வெட்டாதீர்கள், 78.2 வெட்டுங்கள். தகட்டின் தடிமன் மாறினால் மீண்டும் ஒரு துண்டு மடியுங்கள்.

அலுமினியத்தில் ஒரு எச்சரிக்கை. 5052-எச்32 என்ற ரகம் இதில் நன்றாக மடியும். 6061-டி6 தகட்டைக் கூர்மையான டையில் 90 டிகிரி மடித்தால் வெளிப்பக்கம் வெடிக்கும். அது உங்கள் கைத்தவறும் அல்ல, மெஷின் தவறும் அல்ல. எந்தத் தகட்டிலும், ஆலையில் உருட்டிய திசைக்குக் குறுக்காக மடிப்புக்கோடு வரும்படி வெட்டினால் வெடிப்பு குறையும்.

விரல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தகட்டைத் தூக்கும்போது கையுறை போடுங்கள். உருளைக்குள் கொடுக்கும்போது கழற்றிவிடுங்கள். உருளை கையுறையின் நுனியைக் கவ்வினால் விரலும் கூடவே போகும். இன்னொருவரைச் சுற்றச் சொல்லி நீங்கள் தகடு பிடிக்காதீர்கள். பிடிப்பவரே சுற்ற வேண்டும். வெறுங்கையால் கொடுக்க வேண்டியிருப்பதால், வெட்டிய விளிம்பின் பர்ரை (கூரான பிசிறை) அரத்தால் எடுத்த பிறகே உருளைக்குக் கொண்டுபோங்கள்.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி. தகடு இல்லாமல் முன் உருளைகள் இரண்டையும் மெல்லத் தொடும்படி இறுக்கி, பின்னால் ஒரு விளக்கை வைத்து, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். இடையில் தெரியும் ஒளிக்கோடு மாறாமல் ஒரு பக்கம் அகன்றிருந்தால் அது செட்டிங். சுற்றச் சுற்ற அந்தக் கோடு விரிந்து சுருங்கினால் உருளையே கோணல். எந்தத் திருகாலும் அது சரியாகாது. அடுத்து, 100 மி.மீ. அகல 20 கேஜ் துண்டு மூன்றை இடது, நடு, வலது என்று ஒவ்வொரு இடத்தில், ஷிம் எதுவும் இல்லாமல் மடியுங்கள். இவ்வளவு சின்னத் துண்டுக்கு விட்டம் வளையாது. ஆகவே இடது வலது கோணங்கள் வேறுபட்டு, டையை எவ்வளவு சரிசெய்தும் ஒத்துவராவிட்டால் சட்டம் கோணல். கடைசியாக, பக்கச் சட்டங்களில், குறிப்பாக விட்டத்தை ஏற்றியிறக்கும் அச்சு நுழையும் துளைகளைச் சுற்றி, வெடிப்பு இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்துப் பாருங்கள்; வெடிப்பு இருந்தால் துடைத்தபின் அங்கே ஈரக்கோடு கசியும். உருளைக் கோணல், சட்டக் கோணல், வெடிப்பு, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். அதுவரை 18 கேஜ் தகட்டை அதில் வைக்காதீர்கள். அளவுமீறி ஏற்றியதால் வந்த வெடிப்பா, வார்ப்பிலேயே இருந்த வெடிப்பா என்ற விவாதத்துக்கு விற்றவருக்கு இடம் கொடுத்துவிடும்.